பெருங்குடல் அழற்சிக்கு மூலிகைச் சாரம்: தொடங்கும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

பெருங்குடலின் உட்சுவரில் புண்ணும் வீக்கமும் உண்டாகி, ரத்தமும் சளியும் கலந்து மலம் போகும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வரும் ஒருவர், அவற்றுடன் ஏதேனும் ஒரு மூலிகைச் சாரத்தையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று எண்ணினால், எதை முதலில் செய்ய வேண்டும், எதை வாங்க வேண்டும், பலனை எப்படி அளக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த, சிறுகுடல் உட்பட உணவுப் பாதையின் எப்பகுதியிலும் அழற்சி உண்டாக்கக்கூடிய குரோன் நோயையும் ஆங்காங்கே தொட்டுச் செல்வோம். ஆனால் மூலிகைகளைப் பற்றிய நம்பத்தகுந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் நோயாளிகளிடமே நடந்தவை என்பதால், அவற்றின் முடிவுகளைக் குரோன் நோய்க்கு அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே கூறப்படும் மூலிகைகளில் எதுவும், குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமின், நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் அசத்தியோபிரின், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற மருந்துகளுக்கு மாற்று ஆகாது. பலன் காட்டிய ஆய்வுகளில் சிறந்தவை, வழக்கமான மருந்தை நிறுத்தாமல் அதனுடன் மூலிகைச் சாரத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது கிடைத்த பலனையே பதிவு செய்திருக்கின்றன.

நோய் எது என்பது முதலில் உறுதியாக வேண்டும்

மலத்தில் ரத்தம் போனால் அதை மூலம் என்றோ உடற்சூடு என்றோ எண்ணிக்கொண்டு மாதக்கணக்கில் கைமருந்து சாப்பிடுவது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. ரத்தபேதிக்குக் காரணம் அமீபா கிருமியாக இருக்கலாம். குடலில் வரும் காசநோய், ஸ்கேனிலும், குழாய்க் கேமராவைச் செலுத்திக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியிலும் குரோன் நோயைப் போலவே தோற்றமளித்து, அனுபவமுள்ள மருத்துவர்களையே தடுமாற வைக்கும். காசநோய்க்கு உரிய மருந்தைத் தொடங்காமல் மூலிகையை நம்பிக் காலம் கடத்தினால் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. வயிற்று வலியும் மாறி மாறி வரும் பேதியும் மலச்சிக்கலும் மட்டும் இருந்து, ரத்தமோ எடைக்குறைவோ இல்லாத எரிச்சல் குடல் நோய் முற்றிலும் வேறானது. ஆகவே கொலோனோஸ்கோபியும் திசுப் பரிசோதனையும் செய்து, நோயின் பெயர், அது பரவியுள்ள இடம், தீவிரம் ஆகிய மூன்றையும் அறிந்த பிறகே மூலிகையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மூலிகையைச் சேர்த்துப் பார்க்க உகந்த காலம், நோய் அடங்கியிருக்கும்போது அல்லது லேசாகக் கிளர்ந்திருக்கும்போது மட்டுமே. கடுமையாகக் கிளர்ந்திருக்கும் நிலையில் சோதனை செய்து பார்க்க நேரம் இல்லை.

மஞ்சள்: ஆதாரம் அதிகம், குழப்பமும் அதிகம்

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள், அழற்சியைத் தூண்டும் செய்திகளை உயிரணுக்களுக்குள் கடத்தும் என்எஃப் கப்பா பி என்ற புரதத்தைக் கட்டுப்படுத்துவதாக ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டது. மனிதர்களிடம் இது எந்த அளவுக்கு உண்மையாகிறது என்பதை மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் புரிந்துகொள்ளலாம். ஜப்பானில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், நோய் அடங்கியிருந்த 89 பேர் தங்கள் வழக்கமான மருந்துடன் தினம் இருவேளை 1 கிராம் குர்குமினோ, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும் மருந்தற்ற மாத்திரையோ ஆறு மாதம் உட்கொண்டார்கள். குர்குமின் பெற்றவர்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களில் சுமார் 20 விழுக்காட்டினருக்கும் நோய் மீண்டும் கிளர்ந்தது. 2015-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், மெசலமினை முழு அளவில் கொடுத்தும் அடங்காத 50 பேரிடம் தினம் 3 கிராம் குர்குமினைச் சேர்த்துப் பார்த்தார்கள். நான்கு வாரத்தில், குர்குமின் பெற்ற 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது. மருந்தற்ற மாத்திரை பெற்றவர்களில் ஒருவருக்கும் அடங்கவில்லை. ஆனால் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில் தினம் 450 மில்லிகிராம் மட்டுமே கொடுக்கப்பட்டபோது பலன் எதுவும் தெரியவில்லை. இந்த மூன்றிலும் ஆட்களின் எண்ணிக்கை குறைவு. ஆயினும் அளவு முக்கியம் என்பதை இவற்றை ஒருசேர வைத்துப் பார்க்கும் எவரும் உணர முடியும்.

குரோன் நோயில் கதை வேறு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பாமல் தடுக்க அசத்தியோபிரினுடன் தினம் 3 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு 2020-இல் வெளிவந்தது. அதில் குர்குமின் மருந்தற்ற மாத்திரையைவிடச் சிறந்ததாக இருக்கவில்லை.

அடுத்து, சமையலறைக் கணக்குக்கு வருவோம். சாதாரண மஞ்சள் தூளில் ஏறத்தாழ 3 விழுக்காடு குர்குமின் இருக்கும். ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்று கொண்டால், அதில் கிடைப்பது 90 மில்லிகிராம் அளவே. ஜப்பானிய ஆய்வில் கொடுத்த 2 கிராமைத் தூளிலிருந்து பெற வேண்டுமானால் நாளொன்றுக்கு 65 கிராமுக்கு மேல் உண்ண வேண்டியிருக்கும். இரவில் மஞ்சள் கலந்த பால் குடிப்பதில் தவறில்லை, பால் ஒத்துக்கொள்ளும் வரை. ஆனால் அதை ஆய்வில் நிரூபித்த சிகிச்சை என்று எண்ணக் கூடாது. அளவைக் கூட்ட எண்ணித் தூளையே அள்ளிச் சாப்பிடுவதிலும் ஆபத்து உண்டு. மஞ்சள் தூளில் எளிதில் கரையும் ஆக்சலேட் நிறைய இருக்கிறது. குரோன் நோயால் சிறுகுடலின் கடைப்பகுதி பாதிக்கப்பட்டவர்களும், அப்பகுதியை வெட்டி எடுத்தவர்களும் ஆக்சலேட்டை மற்றவர்களைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்வதால், அவர்களுக்குச் சிறுநீரகக் கல் உண்டாகும் வாய்ப்புக் கூடுகிறது.

கடைகளில் விற்கும் குர்குமின் மாத்திரைகள் பலவற்றில் மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் சேர்க்கப்பட்டிருக்கும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது ரத்தத்தில் சேரும் குர்குமின் இருபது மடங்கு பெருகியது. அந்த எண்ணையே விளம்பரங்கள் இன்றுவரை சொல்லிவருகின்றன. ஆனால் நமக்கு மருந்து போய்ச் சேர வேண்டிய இடம் பெருங்குடலின் உட்சுவர். ரத்தத்தில் உறிஞ்சப்படாத குர்குமின் குடல் வழியாகவே அங்கு சென்றடைந்துவிடும் என்பதால், இந்த நோயைப் பொறுத்தவரை உறிஞ்சப்படாமை ஒரு பெருங்குறை அன்று. மேலே சொன்ன ஆய்வுகளும் பைப்பரினை நம்பி நடத்தப்பட்டவை அல்ல. மறுபுறம், கல்லீரல் பல மருந்துகளை உடைத்து வெளியேற்றப் பயன்படுத்தும் நொதிகளைப் பைப்பரின் தடுக்கிறது. நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் டோஃபாசிட்டினிப், டாக்ரோலிமஸ் போன்றவற்றை உட்கொள்பவருக்கு அம்மருந்துகளின் அளவு ரத்தத்தில் எதிர்பாராமல் ஏறிவிடலாம். ஆகவே பைப்பரின் கலக்காத, வேறு ‘விசேஷத் தொழில்நுட்பம்’ எதையும் கோராத எளிய குர்குமினே இந்நோய்க்கு நல்ல தேர்வு என்பது என் கருத்து. விலையும் குறைவு.

நிலவேம்பும் அவுரியும்

தமிழ்நாட்டில் டெங்குக் காலத்தில் அரசே நிலவேம்புக் குடிநீரை வழங்கியதால் அந்தப் பெயரை அறியாதவர் இல்லை. நிலவேம்பின் சாரத்தை எச்எம்பிஎல் 004 என்ற பெயரில் மாத்திரையாக்கி, லேசான அல்லது நடுத்தரமான அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருந்த 224 பேரிடம் எட்டு வாரம் சோதித்தார்கள். 2013-இல் வெளியான அதன் முடிவின்படி, தினம் 1800 மில்லிகிராம் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினருக்கும், 1200 மில்லிகிராம் பெற்றவர்களில் 45 விழுக்காட்டினருக்கும், மருந்தற்ற மாத்திரை பெற்றவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் நோய் தணிந்தது. நம்பிக்கையூட்டிய அந்த முடிவைத் தொடர்ந்து பெரிய அளவில் தொடங்கப்பட்ட மூன்றாம் கட்டச் சோதனை, எதிர்பார்த்த பலன் கிடைக்காது என்று இடைக்கால ஆய்வில் தெரிந்ததால் 2014-இல் நிறுத்தப்பட்டது. நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகள் சேர்ந்த கசாயம். அதில் சுக்கும் மிளகும் உண்டு. சோதனையில் இருந்த சாரம் அது அன்று. காய்ச்சலுக்குக் குடித்தபோது கெடுதல் ஒன்றும் செய்யவில்லை என்பதற்காகப் புண்பட்ட குடலுக்கும் அதைத் தினம் குடிக்கலாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

அந்த 40 விழுக்காட்டை நினைவில் வைத்திருப்பது நல்லது. மருந்தற்ற மாத்திரையை விழுங்கியவர்களில் பத்தில் நான்கு பேருக்கு உடம்பு தேறியிருக்கிறது. இந்த நோய் தானாகவே ஏறியும் இறங்கியும் போகும் இயல்புடையது என்பதால், ‘இதைச் சாப்பிட்டேன், சரியாகிவிட்டது’ என்று அண்டை வீட்டார் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதே நேரம், மூலிகை வேலை செய்தது என்பதற்கு அது சான்றும் ஆகாது.

அவுரியின் செய்தி இன்னும் சிக்கலானது. நீலச் சாயம் தரும் செடிகளின் இலைகளை ஊறவைத்துச் சுண்ணாம்பு சேர்த்து எடுக்கும் நீலப் பொடியைச் சீன மருத்துவத்தில் சிங் டாய் என்பார்கள். ஜப்பானில் 86 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், தினம் அரை கிராம் பெற்றவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கும், 2 கிராம் பெற்றவர்களில் ஏறத்தாழ 81 விழுக்காட்டினருக்கும் நோய் தணிந்தது. மருந்தற்ற மாத்திரையில் அது 14 விழுக்காட்டை எட்டவில்லை. நான் குறிப்பிடும் மூலிகைகளில் இவ்வளவு வலுவான பலன் காட்டியது வேறில்லை. ஆனால் இந்த ஆய்வு முழுமையாக நடக்கவில்லை. ஆய்வுக்கு வெளியே, அப்பொடியைத் தாமே வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் உயர்ந்த செய்தி வந்ததால், ஜப்பானிய சுகாதார அமைச்சகம் 2016 டிசம்பரில் எச்சரிக்கை விடுத்தது, ஆய்வும் இடையில் நிறுத்தப்பட்டது. கல்லீரல் பாதிப்பும், குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் செருகிக்கொள்வதும் பதிவாகியிருக்கின்றன. நம் ஊரில் தலைச்சாயத்துக்கு விற்கும் அவுரி இலைத்தூளை இந்த ஆய்வைக் காட்டி உள்ளுக்குச் சாப்பிடச் சொல்பவர்கள் இருந்தால் அவர்களுக்குச் செவிசாய்க்க வேண்டாம். சிங் டாயை மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில், இதய எக்கோ பரிசோதனையுடன் அல்லாமல் யாரும் தொடக் கூடாது.

மற்றவை, சுருக்கமாக

இசப்கோலை மூலிகை என்று பலர் எண்ணுவதில்லை. 1999-இல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வில், நோய் அடங்கியிருந்த 105 பேரிடம், தினம் இருவேளை 10 கிராம் இசப்கோல் விதை, ஓராண்டுக் காலம் நோயை அடக்கி வைப்பதில் குறைந்த அளவு மெசலமினுக்கு ஏறத்தாழ இணையாக இருந்தது. மலிவானது, பாதுகாப்பானது, ஆனால் நிறையத் தண்ணீருடன் மட்டுமே உட்கொள்ள வேண்டும். குரோன் நோயால் குடல் சுருங்கியிருப்பவர் இதைத் தொடவே கூடாது, அடைப்பு ஏற்படும்.

சோற்றுக் கற்றாழைச் சோறு, லண்டனில் 44 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில் ஓரளவு பலன் காட்டியது. வீட்டில் எடுப்பவர்கள் மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுவதும் வடியவிட்டுக் கழுவ வேண்டும், ஏனெனில் அது கடுமையான பேதி மருந்து. சல்லகி மரத்தின் பிசினைப் பற்றி 1990களில் இந்திய ஆய்வுகள் நம்பிக்கை அளித்தாலும், அடங்கிய குரோன் நோயில் ஓராண்டு கொடுத்துப் பார்த்த ஜெர்மானிய ஆய்வில் அது மருந்தற்ற மாத்திரையைவிட மேலாக இல்லை.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலிடம் சீந்திலுக்கு. நோய் எதிர்ப்பு ஆற்றலைக் கூட்டும் என்று கொரோனாக் காலத்தில் அதைச் சாப்பிட்ட சிலருக்குத் தன்னுடல் தாக்கு வகைக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். இந்தக் குடல் நோயில் எதிர்ப்பு ஆற்றல் ஏற்கெனவே மிகையாகத்தான் இருக்கிறது. நிலாவாரையும், கடுக்காய் சேர்ந்த திரிபலாவும் பேதியைத் தூண்டும். பாதரசமோ ஈயமோ சேர்ந்த பற்பங்களையும் செந்தூரங்களையும் தகுதி பெற்ற சித்த மருத்துவரின் நேரடிப் பொறுப்பில் அன்றி உட்கொள்ள வேண்டாம். ஈயம் உடலில் சேர்ந்தால் வரும் வயிற்று வலியை நோய் கிளர்ந்ததாகத் தவறாக எண்ணிவிட இடமுண்டு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

குப்பியின் முன்புறத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் மில்லிகிராம் எண்ணை நம்பாமல் பின்புறத்தைப் படிக்க வேண்டும். ‘மஞ்சள் சாரம் 500 மி.கி., 95 விழுக்காடு குர்குமினாய்டு’ என்று இருந்தால் அதில் செயல்படும் பொருள் 475 மில்லிகிராம். ‘மஞ்சள் தூள் 500 மி.கி.’ என்று இருந்தால் 15 மில்லிகிராம்தான். விழுக்காடு குறிப்பிடாத பொருளை வாங்க வேண்டாம். மருந்தாக விற்கப்படுவதில் ஆயுஷ் உற்பத்தி உரிம எண்ணும், உணவுச் சேர்க்கையாக விற்கப்படுவதில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணும் இருக்க வேண்டும். தொகுதி எண்ணைக் கூறி உலோகப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டால் நல்ல நிறுவனங்கள் அனுப்பி வைக்கும். மூலிகை மருந்துகளுக்கு இந்தியாவில் ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்பவை உச்ச வரம்புகள். மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் தர, ஈயம் அடங்கிய லெட் குரோமேட்டைக் கலக்கும் பழக்கம் தெற்காசியாவில் கண்டறியப்பட்டிருப்பதால் இந்த அறிக்கை வெறும் சடங்கு அன்று.

பெயரில்லாத பொட்டலத்தில் வரும் சூரணத்தைச் சாப்பிட்டு மூன்றே நாளில் ரத்தம் நின்றுவிட்டால் மகிழ்ச்சியைவிட ஐயமே முதலில் எழ வேண்டும். மூலிகை என்று விற்கப்படும் பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அதை அறியாமல் தொடர்ந்து சாப்பிட்டுத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும்.

தொடங்குதலும் அளத்தலும்

முதல் வேலை, குடல் நோய் மருத்துவரிடம் சொல்வது. திட்டுவார் என்று அஞ்சி மறைப்பவர்கள் அநேகர். ‘நான் மெசலமினை நிறுத்தப் போவதில்லை, அதனுடன் தினம் 2 கிராம் குர்குமின் சேர்க்க விரும்புகிறேன், என் மற்ற மருந்துகளுடன் இது மோதுமா?’ என்று திட்டமாகக் கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் திட்டமாகவே பதில் சொல்வார்கள். சித்த மருத்துவரிடமும் சிகிச்சை பெறுபவர், ஒருவர் எழுதியதை மற்றவரிடம் காட்ட வேண்டும். வார்ஃபரின், குளோப்பிடோகிரெல் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர், பித்தக் கல் உள்ளவர், இந்நோயுடன் சிலருக்கு வரும் பித்தக்குழாய் இறுக்க நோய் உள்ளவர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோர் மருத்துவர் சம்மதிக்காமல் தொடங்கக் கூடாது. குழந்தைகளுக்கு வீட்டாரே முடிவெடுத்துக் கொடுப்பது கூடவே கூடாது.

அசத்தியோபிரினைப் புதிதாகத் தொடங்கியவர் மூலிகையைத் தொடங்காமல் சில மாதம் பொறுத்திருப்பது நல்லது. அம்மருந்தும் கல்லீரலைத் தாக்கக்கூடியது என்பதால், இரண்டையும் ஒன்றாகத் தொடங்கிய பின் கல்லீரல் நொதிகள் ஏறினால் எது காரணம் என்று சொல்ல முடியாமல் போகும். அந்தக் குழப்பத்தில் தேவையான மருந்தை நிறுத்திவிட நேரலாம்.

தொடங்கும் முன் ஹீமோகுளோபின், அழற்சியைக் காட்டும் சிஆர்பி, கல்லீரல் நொதிகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகிய ரத்தப் பரிசோதனைகளையும், மலத்தில் கால்புரோடெக்டின் அளவையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கால்புரோடெக்டின் என்பது குடல் சுவரில் குவியும் வெள்ளணுக்களிலிருந்து வெளிவரும் புரதம். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் அழற்சி இல்லை எனலாம். 250-ஐத் தாண்டினால் பெரும்பாலும் நோய் செயல்பட்டுக்கொண்டிருக்கிறது. பரிசோதனைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்றாலும், மனம் ‘தேறிவிட்டது’ என்று சொல்வதையும் குடல் சொல்வதையும் பிரித்துக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை.

பிறகு ஒரே ஒரு மூலிகையை மட்டும் தொடங்க வேண்டும். குர்குமினை முதல் வாரம் காலை உணவுக்குப் பின் 1 கிராம், வயிறு ஏற்றுக்கொண்டால் அடுத்த வாரம் முதல் காலையும் இரவும் 1 கிராம் என்ற முறை பெரியவர்களுக்குப் பொருந்தும். குர்குமின் இரும்பைப் பிணைத்துக்கொள்வதால், ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுபவர் இரண்டுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி விட வேண்டும். தினம் எத்தனை முறை மலம் போயிற்று, ரத்தம் இருந்ததா, இரவில் எழ நேர்ந்ததா, அடக்க முடியாத அவசரம் இருந்ததா என்ற நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, வாரம் ஒருமுறை எடையையும் குறிக்க வேண்டும். இக்காலத்தில் உணவு முறையைப் பெரிதாக மாற்றாதிருப்பது நல்லது. மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது. நான்காம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் கல்லீரல் நொதிகளையும், எட்டாம் வாரம் கால்புரோடெக்டினையும் மீண்டும் பார்க்கலாம். குறிப்பேடும் கால்புரோடெக்டினும் ஒருசேர மேம்பட்டிருந்தால் தொடரலாம். குறிப்பேடு மட்டும் மேம்பட்டு கால்புரோடெக்டின் ஏறியிருந்தால் மருத்துவர் வேறு சிகிச்சையை யோசிக்க வேண்டும். இரண்டும் அசையாமல் இருந்தால் காசை வீணாக்காமல் விட்டுவிடலாம்.

நிறுத்த வேண்டிய நேரங்கள்

கண் மஞ்சளாதல், சிறுநீர் தேநீர் நிறத்தில் போதல், காரணமில்லாத அரிப்பு, பசி அடியோடு போதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே நிறுத்திக் கல்லீரல் பரிசோதனை செய்ய வேண்டும். மஞ்சள் சாரத்தால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரை அமெரிக்க மருத்துவர்கள் 2022-இல் விவரித்தார்கள். அவர்களில் ஏழு பேர் ஒரு குறிப்பிட்ட மரபணு வகையைக் கொண்டிருந்தனர், ஒருவர் இறந்துபோனார். அரிதுதான், ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டி அறிய நமக்கு வழியில்லை. அறுவைச் சிகிச்சை நாள் குறிக்கப்பட்டால் இரண்டு வாரம் முன்பே குர்குமினை நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் அது ரத்தம் உறைவதைச் சற்றே தாமதப்படுத்தக்கூடும்.

ரத்தத்துடன் நாளுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ மலம் போய், அதோடு 37.8 செல்சியஸுக்கு மேல் காய்ச்சலோ நிமிடத்துக்கு 90-க்கு மேல் நாடித் துடிப்போ இருந்தால், அது கடுமையான கிளர்ச்சி. வயிறு உப்பிக் கல்போல ஆனாலும் அப்படியே. அந்த நிலையில் எந்த மூலிகையும் எந்தக் கசாயமும் வேண்டாம். உடனே மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற வேண்டும். போகும்போது மூலிகைக் குப்பியையும் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துச் சென்று, கடைசியாக எப்போது எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதைப் பணியிலிருக்கும் மருத்துவரிடம் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.